ஏரும் எஞ்சினும் இணைந்த கதை

இரண்டாமாண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

நாஞ்சில் என்ற சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். கலப்பையின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்பது நம் நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என ஆண்டுக்கு இரு பூ விளையும் நம் வயல்களில் இன்று மாட்டு ஏரைக் காண்பது அரிதாகிவிட்டது. அதன் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது. அவற்றுள் சிவப்பு நிற வண்டி ஒன்றின் முகப்பில் மாஸி பெர்குசன் என்று எழுதியிருப்பதை யாவரும் கண்டிருப்பீர்கள். எங்கள் ஊரில் அதை மாசி வண்டி என்றே சொல்லுவார்கள். மாசி மாதத்தில் வாங்கியதால் அப்பெயர் வந்தது என்று சிறு வயதில் நான் எண்ணியிருந்தேன். அந்தப் பெயரின் பின்பாதியாகிய பெர்குசன் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவர் வாழ்க்கைக்கும் எங்கள் வீட்டுத் துயரம் ஒன்றுக்கும் தொடர்பு உண்டு என்பதும் கல்லூரிக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

என் பாட்டா ஒரு சோடி மாடும் ஒரு மரக்கலப்பையும் வைத்துக் கூலிக்கு உழுதவர். என் அப்பா கூலிக்கு டிராக்டர் ஓட்டியவர். கல்லூரிப் படியை மிதித்தவர்களில் எங்கள் குடும்பத்தில் நானே முதல் ஆள். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்த அப்பாவும் வண்டியோடு போனார். ஓர் அயினி மரத்தடியைச் சங்கிலியில் பிணைத்து இழுத்தபோது, தடி ஒரு தென்னங்குற்றியில் மாட்டிக்கொண்டது. வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் மேலே எழுந்தன. அப்பா குதித்துவிட்டார். உயிர் பிழைத்தது, இடது கால் முறிந்தது. அன்றோடு வண்டி ஓட்டுவது நின்றது.

கட்டிலில் கிடந்த நாட்களில் அப்பா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார். காலை முதல் மாலை வரை கனத்த மண்ணில் கலப்பையை இழுத்தபோது ஒருநாளும் எழும்பாத வண்டி, ஒரு மரத்தடிக்கு ஏன் எழும்பியது என்பதே அது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிப் போன வழியில் நான் சந்தித்தவரே ஹாரி பெர்குசன்.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்தின் வடபகுதியில், டவுன் மாவட்டத்தில், டிரோமோர் என்னும் ஊரின் அருகே குரோவெல் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே 1884ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் பெர்குசன் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர். தந்தை கண்டிப்பும் சமயப் பற்றும் மிக்கவர். சிறுவனுக்கோ வயல் வேலை பிடிக்கவில்லை. பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. பின்னாளில் உலகத்து விவசாயிகளின் முதுகு வலியைக் குறைத்தவர், இளமையில் வயலை விட்டு ஓடப் பார்த்தவர் என்பது வியப்புக்குரியது. கனடாவுக்குக் குடியேறவும் எண்ணினார். அண்ணன் ஜோ பெல்பாஸ்ட் நகரில் சைக்கிள், மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். 1902ஆம் ஆண்டில் தம்பி அங்கே வேலை பழகச் சேர்ந்தார். எஞ்சினின் ஓசையைக் கேட்டே குறையைச் சொல்லிவிடும் திறமை அவருக்கு விரைவில் வாய்த்தது.

அந்நாளில் விமானம் புதுமையிலும் புதுமை. பெர்குசன் தாமே ஒரு விமானத்தைக் கட்டினார். பல முறை தோற்று, பல முறை திருத்தி, 1909ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் ஹில்ஸ்பரோ என்னுமிடத்தில் பலத்த காற்றுக்கிடையே ஏறத்தாழ 130 கஜ தூரம் பறந்து காட்டினார். அயர்லாந்து மண்ணிலிருந்து விமானத்தில் பறந்த முதல் மனிதர் அவரே. 1911இல் அண்ணனைப் பிரிந்து சொந்தமாக மோட்டார் வாணிகம் தொடங்கினார். பிறகு டிராக்டர்களையும் விற்கத் தொடங்கினார். வானத்தில் தொடங்கியவர் மண்ணுக்கு வந்து சேர்ந்த வழி இதுவாகும்.

மனிதரைக் கவிழ்த்த டிராக்டர்

முதல் உலகப் போர் நடந்த காலம். உணவுத் தட்டுப்பாட்டைப் போக்க வேண்டிய நிலை. 1917ஆம் ஆண்டில் அயர்லாந்தின் விவசாயத் துறை, நாட்டிலுள்ள டிராக்டர்களின் வேலையைச் சீர்படுத்தும் பொறுப்பைப் பெர்குசனிடம் ஒப்படைத்தது. வில்லி சாண்ட்ஸ் என்னும் தம் உதவியாளரோடு ஊர் ஊராகச் சென்று, வண்டிகள் உழுவதைக் கூர்ந்து கவனித்தார். அன்று அவர் கண்ட குறை ஒன்றுதான். டிராக்டர் வேறு, கலப்பை வேறு என்று இருந்தன. குதிரைக்குப் பின்னால் கட்டிய கலப்பையை அவிழ்த்து, அப்படியே எஞ்சினுக்குப் பின்னால் சங்கிலியிலோ கொக்கியிலோ மாட்டி இழுத்தார்கள்.

இதனால் இரண்டு கேடுகள் விளைந்தன. பின்சக்கரம் மண்ணைப் பற்ற வேண்டுமானால் அதன் மேல் பாரம் வேண்டும். அதற்காக வண்டியையே கனமாகச் செய்தார்கள். கனத்த வண்டி நிலத்தை அழுத்திக் கெடுத்தது. இரண்டாவது கேடு இதனினும் கொடியது. உழும்போது கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கினால் பின்சக்கரம் சுழல முடியாது நின்றுவிடும். எஞ்சினோ நிற்காது. சக்கரம் சுழலாத நிலையில், அச்சைச் சுற்றி வண்டியின் உடலே சுழன்று, முன்பாகம் மேலே எழுந்து பின்னோக்கிக் கவிழும். ஹென்றி போர்டு 1917இல் வெளியிட்ட போர்ட்ஸன் டிராக்டர் மலிவானது, ஏறத்தாழ 20 குதிரைத்திறனும் 1,200 கிலோ எடையும் கொண்டது, இலட்சக்கணக்கில் விற்றது. ஆனால் இவ்வாறு கவிழ்ந்து ஓட்டுநர் பலரின் உயிரையும் அது குடித்தது. இதைப் படித்தபோது என் கை நடுங்கியது. எங்கள் ஊர் அயினித் தடியின் முன் நடந்ததும் இதுவே.

மூன்று புள்ளி இணைப்பு

கலப்பையும் டிராக்டரும் ஒரே உடலாக வேண்டும் என்பதே பெர்குசனுடைய வாழ்நாள் எண்ணமாயிற்று. 1917 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த ஒன்றையே அவர் திருத்தித் திருத்திச் செய்தார். முடிவில் பிறந்ததே இன்று எல்லா டிராக்டர்களின் பின்னாலும் நாம் காணும் மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு தண்டுகள் கலப்பையை இழுக்கும். மேலே ஒரு தண்டு, நம் ஓட்டுநர்கள் டாப் லிங்க் என்று சொல்வது, கலப்பையைத் தாங்கிப் பிடிக்கும். உழும்போது கலப்பை கவிழப் பார்க்கும். அந்த விசை மேல் தண்டின் வழியாக வண்டியை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரத்தைத் தரையில் இருத்தும். கலப்பையின் எடையும் அதன் மேல் மண் கொடுக்கும் அழுத்தமும் பின்சக்கரங்களின் மேல் ஏறும். எனவே வண்டி கனமாக இருக்க வேண்டியதில்லை. வேலை செய்யும்போது மட்டும் வேண்டிய பாரம் தானே வந்து சேரும்.

இதனோடு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தூக்கி ஒன்றையும் அவர் சேர்த்தார். மண் இறுகி இழுவை கூடினால், மேல் தண்டில் ஏறும் அழுத்தத்தை அது உணர்ந்து, கலப்பையைச் சற்றே தூக்கும். மண் இளகினால் மீண்டும் இறக்கும். இதற்கான காப்புரிமையை 1926ஆம் ஆண்டில் பெற்றார். இதைப் பாட்டாவின் மொழியில் சொன்னால் எளிதில் விளங்கும். மாட்டு ஏரில் ஏர்க்கால் கலப்பையையும் நுகத்தையும் ஒன்றாக்குகிறது. மாடு திணறுவதைக் கண்டதும் உழவன் மேழியைப் பிடித்த கையைத் தளர்த்துகிறான். மண் இளகியதும் அழுத்துகிறான். அந்த உழவனின் கையை இரும்பிலும் எண்ணெயிலும் செய்து காட்டியவர் பெர்குசன்.

மேசைமேல் ஓடிய பொம்மை

கண்டுபிடித்தால் போதுமா? செய்து விற்க ஆள் வேண்டுமே! 1933ஆம் ஆண்டில் தம் எண்ணப்படியே ஒரு டிராக்டரைச் செய்து, அதற்குக் கறுப்பு வண்ணம் பூசினார். அடுத்து டேவிட் பிரவுன் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபரோடு கூடி 1936 முதல் பெர்குசன்-பிரவுன் டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வேலை சிறப்பாக இருந்தது. விலை கூடுதலாக இருந்தது. ஏறத்தாழ 1,350 வண்டிகளோடு அது நின்றது. கூட்டாளிகளிடையே மனவேற்றுமையும் எழுந்தது.

1938ஆம் ஆண்டு அக்டோபரில் தம் டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா சென்றார். டியர்பார்ன் நகரில் ஹென்றி போர்டின் மாளிகைத் தோட்டத்தில் உழுது காட்டினார். பிறகு ஒரு மேசையைக் கொண்டுவரச் செய்து, அதன்மேல் சாவி கொடுத்து ஓடும் ஒரு சிறு டிராக்டர் பொம்மையை வைத்து, தம் இணைப்பின் தத்துவத்தை விளக்கினார். பொம்மை வண்டியின் பின்னால் கலப்பையை வெறுமனே கட்டினால் என்ன ஆகும், தம் முறைப்படி இணைத்தால் என்ன ஆகும் என்பதைப் போர்டு தம் கண்ணாலேயே கண்டார். உலகிலேயே அதிக டிராக்டர்களைச் செய்தவரை ஒரு பொம்மை வென்றது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிந்தது. காகிதம் ஒன்றும் எழுதப்படவில்லை. 1939 ஜூன் மாதத்தில் போர்டு-பெர்குசன் டிராக்டர் வெளிவந்தது. 1947 வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அந்தக் கைகுலுக்கலின் பேரில் செய்யப்பட்டன.

கைகுலுக்கலும் வழக்கும்

முதியவர் போர்டு பொறுப்பிலிருந்து விலகினார். அவருடைய பேரன் நிருவாகத்தை ஏற்றார். தாத்தாவின் வாய்மொழி ஒப்பந்தம் பேரனைக் கட்டுப்படுத்தவில்லை. 1947இல் போர்டு நிறுவனம் பெர்குசனை விலக்கிவிட்டு, அதே இணைப்பைக் கொண்ட டிராக்டரைத் தானே விற்கத் தொடங்கியது. 1948இல் பெர்குசன் 25 கோடி டாலருக்கும் மேல் ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1952ஆம் ஆண்டில் 92½ இலட்சம் டாலரைப் பெற்றுக்கொண்டு சமாதானமானார்.

இந்தப் பகுதியைப் படிக்கையில் என் நினைவு அப்பாவிடம் போயிற்று. அவரும் பதினைந்து ஆண்டுகள் வாய்ச்சொல்லை நம்பியே வண்டி ஓட்டினார். கால் முறிந்த பிறகு கேட்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் எங்களிடம் இல்லை. வைத்தியச் செலவுக்கு அம்மாவின் காதிலும் கழுத்திலும் கிடந்தவைதாம் உதவின. பெர்குசனுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். கூலிக்காரனுக்கு யார் இருக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையே 1946ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலையில், டி.இ.20 என்னும் சிறு சாம்பல் நிற டிராக்டர் உருவாகி வந்தது. நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த 1956ஆம் ஆண்டு வரை அவ்வகை வண்டிகள் 5 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. எவரெஸ்ட் சிகரத்தை வென்ற எட்மண்டு ஹிலாரி, 1958 ஜனவரி 4ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது இந்தப் பெர்குசன் டிராக்டர்களில்தான்.

1953இல் பெர்குசனின் நிறுவனம் கனடாவின் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. விலையில் பத்து இலட்சம் டாலர் வேறுபாடு எழுந்தபோது நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். பெர்குசன் தோற்றார், சிரித்துக்கொண்டே ஏற்றார் என்பர். ஆனால் அங்கும் அவரால் நிலைத்திருக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே விலகினார். எல்லாம் ஒழுங்காக, துப்புரவாக, தாம் சொன்னபடியே நடக்க வேண்டும் என்னும் பிடிவாதம் அவரிடம் இருந்தது. அண்ணன், பிரவுன், போர்டு குடும்பம், மாஸி-ஹாரிஸ் என்று ஒருவர் பின் ஒருவராகப் பிரிந்தார். இரும்பையும் மண்ணையும் பிரியாமல் இணைத்தவருக்கு மனிதரோடு இணைந்திருப்பது கூடவில்லை. 1960ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் இங்கிலாந்தில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். அதே 1960ஆம் ஆண்டில்தான் சென்னையில் டாபே நிறுவனம் தோன்றி, செம்பியத்தில் மாஸி பெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கியது. எங்கள் ஊர் மாசி வண்டியின் மூலக்கதை இதுவே.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

டிராக்டர் வைத்திருப்போர் இரண்டு பேர் சந்தித்தால் எத்தனை குதிரைத்திறன் என்பதே முதல் பேச்சு. ஆனால் குதிரைத்திறன் வேறு, இழுவிசை வேறு. ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோ விசையை நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் இழுக்கும் ஆற்றல். அவ்வாறாயின் 20 குதிரைத்திறன் எஞ்சின், மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 1,350 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். ஆனால் டி.இ.20 வண்டியின் மொத்த எடையே ஏறத்தாழ 1,100 கிலோதான். அவ்வளவு விசைக்கு வெகு முன்னரே சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதை முதலில் முடிவு செய்வது எஞ்சின் அன்று; பின்சக்கரத்தின் மேல் உள்ள பாரமும் மண்ணின் பிடிப்புமே.

இன்று நம் வயல்களில் இறங்கும் 50 குதிரைத்திறன் வண்டி ஏறத்தாழ இரண்டு டன் எடை உள்ளது. பழைய வண்டியைவிடத் திறன் இரண்டரை மடங்கு. எடையோ இரண்டு மடங்குக்கும் குறைவு. ஆகவே இழுவிசையும் ஏறத்தாழ இரண்டு மடங்கே கூடும். எஞ்சியுள்ள திறன் வேகமாகவும், ரொட்டவேட்டரைச் சுழற்றும் ஆற்றலாகவும் பயன்படுகிறது. தொளி உழவில் கனத்த வண்டி புதைந்தும் போகும். எனவே பழையது பலவீனம், புதியது பலம் என்று ஒரே எண்ணை வைத்து முடிவு கட்டுவது தவறு. அதனால்தான் மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசின் டிராக்டர் சோதனை நிலையத்தில் எஞ்சின் திறனை ஒருபுறமும் இழுவிசையை மறுபுறமும் தனித்தனியே அளக்கிறார்கள்.

நான் செய்த சிறு வண்டி

சென்ற ஆண்டு நம் கல்லூரியின் அறிவியல் கண்காட்சிக்கு, பெர்குசனின் பொம்மையை மனத்தில் கொண்டு, பத்தில் ஒரு பங்கு அளவில் தகரத்திலும் மரத்திலும் ஒரு டிராக்டர் செய்தேன். பழைய விளையாட்டுக் காரின் மோட்டாரே எஞ்சின். எடை 800 கிராம். நூலைக் கப்பியின் மேல் செலுத்தித் தட்டில் எடைக்கற்களை வைத்து இழுவிசையை அளந்தேன். அச்சுக்குக் கீழே நூலைக் கட்டியபோது 360 கிராம் வரை இழுத்து, அதன்பின் சக்கரம் வழுக்கியது. பின்னச்சின் மேல் 300 கிராம் பாரம் வைத்தபோது 570 கிராம் வரை இழுத்தது. மோட்டார் அதே மோட்டார்தான்!

இங்கே நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீளம் பத்தில் ஒன்றானால் பருமனும் எடையும் ஆயிரத்தில் ஒன்றாகும். ஆகவே மாதிரியின் இழுவிசையைப் பத்தால் பெருக்கிப் பெரிய வண்டியின் இழுவிசை என்று சொல்லக்கூடாது. தன் எடையில் எத்தனை பங்கை அது இழுக்கிறது என்பதையே ஒப்பிட வேண்டும்.

கடைசியாக, நூலை அச்சுக்கு மேலே மூன்று விரற்கடை உயரத்தில், டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டினேன். முதலில் வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தது. 400 கிராமைத் தாண்டியதும் முன்சக்கரங்கள் மேலே எழுந்தன. உயரக் கட்டினால் பிடிப்பு கூடுவதுபோல் தோன்றும். அந்தப் பிடிப்பே ஆளைக் கவிழ்க்கும். கலப்பையை மூன்று புள்ளியிலும் மாட்டினால் மேல் தண்டு முன்பாகத்தை அழுத்துகிறது. அதே இடத்தில் வெறும் சங்கிலியைக் கட்டினால் அது பின்னோக்கி இழுக்கிறது. அப்பாவின் கேள்விக்கு இதுவே விடை.

கண்காட்சியைப் பார்க்க அப்பா கைத்தடியோடு வந்திருந்தார். அவர் என் கல்லூரிக்குள் வந்தது அதுவே முதல் தடவை. வண்டி எழும்புவதை ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். அதன்பின் ஒன்றும் பேசாமல் குனிந்து, தாமே நூலை அவிழ்த்து, அச்சுக்குக் கீழே கட்டி, எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்தார். சக்கரம் வழுக்கியது, வண்டி எழும்பவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்து நிலையத்தில் தமக்குத் தெரிந்த டிராக்டர் ஓட்டுநர் ஒருவரைக் கண்டதும், சங்கிலியை எங்கே கட்ட வேண்டும் என்று விளக்கத் தொடங்கிவிட்டார்.

நம்மில் பலர் வீட்டில் டிராக்டர் உண்டு. அல்லது டிராக்டர் ஓட்டும் அண்ணனோ மாமனோ உண்டு. தடியோ புதைந்த வண்டியோ எதை இழுத்தாலும், சங்கிலியை அச்சுக்குக் கீழே உள்ள இழுவைச் சட்டத்திலேயே கட்டச் சொல்லுங்கள். ஹாரி பெர்குசன் இருபது ஆண்டுகள் உழைத்துக் கண்ட உண்மையின் ஒரு சிறு பகுதி அது. அதை நம் ஊர் வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, படிக்க வந்த நம் கடமையாகும்.